திரையிசைக்கு அப்பால் இளையராஜா: திருவாசக இசை பற்றிய ஒரு மதிப்பீடு

கலைஞன் ஒருவனுக்குப் புகழ் ஈட்டித் தந்த துறையே சிற்சில வேளைகளில் அவனுக்குச் சிறையாகவும் அமைந்துவிடுகின்றது. உலகம் ஒருவனை ஒரு பெயரால் அழைக்கப் பழகிவிடுமாயின், அப்பெயருக்குள் அடங்காதனவற்றை அவன் எத்துணை படைத்தளிப்பினும், அவற்றை அது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கம்பர் என்றவுடன் இராமகாதையே யாவர் நெஞ்சிலும் எழும். அவர் பெயரால் வழங்கும் ஏரெழுபதையும் சடகோபரந்தாதியையும் நினைவிற் கொள்வோர் மிகச் சிலரே. சொற்கலைக்கு நேர்ந்த இந்நிலை இசைக்கலைக்கும் நேர்ந்துள்ளது. திரைப்படத்திற்கு இசையமைப்போர் பால் இது பின்னும் மிகுதியாகக் காணப்படும். திரையிசை மக்களிடம் விரைந்து பரவுவது; அதனாலேயே அது தன்னைப் படைத்தவனுடைய பிற முயற்சிகளை மறைத்து நிற்பதுமாகும்.

இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குபவர் இளையராஜா. 1976 ஆம் ஆண்டு தேவராஜ் - மோகன் இயக்கத்தில் வெளிவந்த ‘அன்னக்கிளி’ என்னும் படத்தின் வாயிலாகத் திரையுலகிற் புகுந்த இவர், 2016 இல் வெளிவந்த ‘தாரை தப்பட்டை’யோடு ஆயிரம் படங்களுக்கு இசையமைத்தவர் என்னும் நிலையை எய்தினார். முதற் படத்திலேயே சிற்றூர் மக்களின் பாடல் மெட்டுக்கள் திரையில் ஒலித்தமையால், ‘கிராமிய இசையின் மன்னர்’ என்னும் பெயர் இவர்மேல் ஒட்டிக்கொண்டது. அப்பெயர் பொய்யன்று, ஆயின் முழு மெய்யுமன்று. அப்பெயருக்கு வெளியே இவர் ஆற்றிய பணி யாது, அப்பணியுள் சைவத் தமிழ் மக்களோடு நெருங்கிய தொடர்புடைய திருவாசக இசை எத்துணை வெற்றி பெற்றுள்ளது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளையராஜா 1943 ஆம் ஆண்டு இக்காலத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரத்திற் பிறந்தவர். இவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளிற் பாடிப் புகழ்பெற்றவர். அவருடைய குழுவோடு ஊரூராகச் சென்று ஆர்மோனியம் வாசித்த இளைஞர், பின்னர்ச் சென்னையை அடைந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையிலக்கணத்தை முறையாகக் கற்றார். கன்னடத் திரையிசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். எனவே, வயல்வெளிப் பாட்டும், மேடைப் பாட்டும், ஐரோப்பியரின் இசையெழுத்து முறையும் ஆகிய மூன்றும் ‘அன்னக்கிளி’க்கு முன்னரே இவருள் குடிகொண்டிருந்தன. அம்மூன்றில் ஒன்றை மட்டுமே உலகம் முதலிற் கண்டது.

திரைப்பாடல் குறுகிய எல்லையுடையது. நான்கு அல்லது ஐந்து நிமிடங்களுள் பல்லவியும் சரணங்களும் முடிந்துவிடல் வேண்டும்; கதைமாந்தரின் நிலைக்கும் காட்சிக்கும் இசை கட்டுப்படல் வேண்டும். இவ்வெல்லையுள் நின்றுகொண்டே, பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே வரும் இசைப்பகுதியில் இளையராஜா தமக்கென ஒரு சிறு நிலத்தை உழுது பயிரிட்டார். இரண்டு மூன்று இசையோட்டங்கள் ஒன்றோடொன்று பின்னி நடக்கும் மேலைநாட்டு முறையையும், ஓரிராகத்தின் வழிச் செல்லும் நம் நாட்டு முறையையும் அச்சிறு நிலத்திலேயே இவர் இணைத்துப் பார்த்தார். பின்னாளில் எழுந்த தனியிசைப் படைப்புகளுக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம்.

அவ்வித்து முளைத்தெழுந்தது 1986 ஆம் ஆண்டில். ‘ஹௌ டு நேம் இட்’, அதாவது ‘இதற்கு எங்ஙனம் பெயரிடுவது’ என்னும் தலைப்பில் வெளிவந்த அவ்விசைத்தொகுதி, தியாகராச சுவாமிகளுக்கும் செருமானிய இசைப்பேரறிஞர் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக் 1685 முதல் 1750 வரையும், தியாகராசர் 1767 முதல் 1847 வரையும் வாழ்ந்தோர். ஒருவரையொருவர் கண்டிலர், ஒருவர் மொழியை மற்றவர் அறிந்திலர். எனினும் இருவரும் இறைவனை முன்னிறுத்தி இசை செய்தோர். இவ்விருவரையும் ஓரிடத்திற் சந்திக்கச் செய்தல் என்பதே அத்தொகுதியின் உட்கருத்து. ‘பாக்கை என் இல்லத்திற் சந்தித்தேன்’ எனப் பொருள்படும் தலைப்புடைய பகுதியில், தனி வயலினுக்காகப் பாக் இயற்றிய மூன்றாம் பார்ட்டிற்றாவின் தொடக்கப் பகுதியை வி. எஸ். நரசிம்மன் வாசிக்க, அதனோடு இளையராஜா தம்முடைய இசையோட்டத்தை உடன் நடக்க விடுகின்றார். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கையில் வீட்டுக்காரர் இடைமறியாது மறுமொழி கூறும் பண்பு அங்கே புலனாகின்றது. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் நடுநிலையாகாது. திரைக்கெனப் பழகிய கை அத்தொகுதியின் சிலவிடங்களில் தன் பழக்கத்தை விடவில்லை. ஒரு கருத்து மலர்வதற்கு முன்னரே மற்றொன்றுக்குத் தாவும் விரைவு அங்கங்கே காணப்படுகின்றது.

1988 இல் வெளிவந்த ‘நத்திங் பட் விண்ட்’ என்னும் தொகுதியில் அவ்விரைவு தணிந்துள்ளது. வட இந்தியப் புல்லாங்குழல் வித்தகர் அரிபிரசாத் சௌராசியாவின் குழலும் பெரியதொரு வாத்தியக்குழுவும் அதில் இணைந்து ஒலிக்கின்றன. இசை என்பது காற்றேயன்றி வேறன்று என்னும் எண்ணமே அதன் அடிப்படை. மூங்கிலின் துளையூடு செல்லும் மூச்சே உயிராகவும் இசையாகவும் நிற்பதை அத்தொகுதி அமைதியாக எடுத்துரைக்கின்றது. 1993 இல் இலண்டன் மாநகரில் றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினரைக் கொண்டு இவர் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது மக்களுக்கு வெளியிடப்படவில்லை.

இம்முயற்சிகள் யாவும் சொல்லில்லாத இசையாக அமைந்தவை. சொல்லும் இசையும் சேர்ந்து நிற்கும் பெரும்படைப்பாக எழுந்ததே 2005 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிம்பொனியில் திருவாசகம்’. தமிழ் மையம் என்னும் அமைப்பின் துணையோடு, அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினரைக் கொண்டு அது பதிவாயிற்று. அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் ஆங்கில வரிகளை எழுதியளித்தார்.

இப்படைப்பை மதிப்பிடுமுன் பெயர் பற்றிய ஐயம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். சிம்பொனி என்பது பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமைந்து, வாத்தியங்களாலேயே நிகழ்த்தப்படும் வடிவமாகும். பேத்தோவன் 1824 இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியில் மனிதக் குரலைச் சேர்த்தமை விலக்காகவே கருதப்பட்டது. மறைநூற் பகுதிகளைத் தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியக்குழுவும் சேர்ந்து இசைக்கும் வடிவத்தை மேலைநாட்டார் ஒரட்டோரியோ என்பர். 1742 இல் டப்ளின் நகரில் முதன்முதல் இசைக்கப்பட்ட ஹாண்டலின் ‘மெசையா’ அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இளையராஜாவின் படைப்பும் அவ்வினத்ததே. பெயரைக் கொண்டு சிம்பொனியின் இலக்கணத்தை அதனிடம் தேடி, அது காணப்படாமையாற் குறை கூறுதல் முறையன்று.

இனி, இரண்டாவதாக எழுவது மரபு பற்றிய வினா. திருவாசகத்தை இங்ஙனம் இசைத்தல் தகுமோ என ஐயுறுவோர் உளர். இவ்வையத்தை எள்ளி நகையாடுதல் தவறு. ஈழத்துச் சைவர்க்குத் திருவாசகம் ஏட்டிற் கிடக்கும் இலக்கியமன்று. கொச்சிக்கடையிற் பொன்னம்பல முதலியார் நிறுவி, சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றிருப்பணியாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரத்திலும், வெள்ளவத்தையின் ஆலயங்களிலும், பூசை முடிவிற் பஞ்சபுராணம் ஓதும்போது தேவாரத்தை அடுத்து ஒலிப்பது திருவாசகம். மார்கழித் திருவெம்பாவைக் காலத்து வைகறையில் ஒலிப்பது திருவாசகம். உயிர் பிரியும் வேளையிற் படுக்கையருகே ஓதப்படுவது சிவபுராணம். திருவாசகத்துக்கு உருகாதார் வேறெதற்கும் உருகார் என்னும் பழமொழி இம்மக்களின் வாழ்வில் நாடோறும் மெய்ப்பிக்கப்படுவது. அத்தகைய நூலிற் கைவைப்போனிடம் ‘நீ யார்?’ எனக் கேட்கும் உரிமை அவர்க்குண்டு.

ஆயினும், இசை மரபை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். தேவாரத் திருப்பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டுள்ளது. அப்பண்ணை மாற்றிப் பாடுதல் மரபுக்கு முரணாகும். திருவாசகத்திற்கோ அங்ஙனம் பண் வகுக்கப்படவில்லை. ஓதுவார்கள் அதனை மோகன இராகத்தில் ஓதிவருதல் நெடுங்கால வழக்கு, விதியன்று. வழக்கைப் போற்றுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கு ஒன்று உண்மையால் வேறு வழி அடைக்கப்பட்டது எனக் கொள்ளல் இயலாது. 1985 இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’ என்னும் படத்தில், காம்போதி இராகத்திலமைந்த தியாகராச கீர்த்தனை ஒன்றைச் சாரமதி இராகத்தில் இவர் அமைத்தபோது எழுந்த கேள்வி வேறு. அங்கே இயற்றியவரே வகுத்த இராகம் மாற்றப்பட்டது. திருவாசகத்தில் அவ்வகை மாற்றம் நிகழவில்லை.

இனிப் படைப்பின் அமைப்பை நோக்குவாம். திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளுள் ஆறனிலிருந்து பாடல்கள் தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்பன. நூலின் வைப்புமுறையிற் சிவபுராணம் முதலாவது. யாத்திரைப் பத்து இறுதியை அணுகி வருவது. இளையராஜாவோ யாத்திரைப் பத்தை முதலில் வைத்தார். காலம் வந்துவிட்டது, புறப்படுமின் என அடியாரை அழைக்கும் பதிகம் அது. அவ்வழைப்பிலிருந்து பயணம் தொடங்குகின்றது. புறப்பட்டவன் தன்னைத் திரும்பிப் பார்த்துத் தன் சிறுமையை உணர்ந்து கலங்குவது சிவபுராணப் பகுதி. அக்கலக்கத்தினின்று தேறி, இறைவன் திருவடியிற் சென்று ஊதுமாறு அரசவண்டை வேண்டுவது திருக்கோத்தும்பி. திருவடியைச் சிக்கெனப் பற்றிக்கொள்வது பிடித்த பத்து. பற்றியபின் பெருமானின் திருமுழுக்கிற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மங்கல ஆரவாரம் அடுத்தது. ஈற்றில், அன்பில்லாரையன்றி வேறெதனையும் அஞ்சேன் என நிற்கும் அச்சப்பத்து. அழைப்பு, நாணம், தூது, பற்று, விழா, அஞ்சாமை என ஓருயிரின் வழிநடை முழுவதும் இவ்வாறு பகுதிகளில் அமைந்துவிடுகின்றது. ஆறு பாடல்களைத் தொகுத்தல் எவர்க்கும் இயலும். அவற்றை ஒரு கதையாக நடத்துதல் நூலை ஆழ்ந்து கற்றவர்க்கே இயலும்.

ஈழத்தார் சிறப்பாகச் செவிகொடுத்துக் கேட்கவேண்டிய பகுதி திருப்பொற்சுண்ணமாகும். இந்நாட்டுச் சைவரிடையே மரணச் சடங்கின்போது உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடித்தலும், அவ்வேளை திருப்பொற்சுண்ணம் ஓதுதலும் வழக்கு. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த அச்சடங்கு இன்று கொழும்பில் மலர்ச்சாலையின் ஒரு மூலையிலும் சுருக்கமாக நிகழ்கின்றது. இதன் பயனாய், இப்பதிகத்தின் முதலடி செவியில் விழுந்தவுடன் இங்குள்ளார் நெஞ்சில் எழுவது பிரிவுத் துயரமே. சிறுவரும் இதனை இழவுப் பாட்டென்றே அறிந்து வளர்கின்றனர். ஆனால் மணிவாசகர் அருளிய பாட்டின் பொருள் முற்றிலும் வேறு. முத்துமாலையும் பூமாலையும் தூக்கி, முளைக்குடமும் தூபமும் தீபமும் வைத்து, மகளிர் கூடி, இறைவனுக்கெனப் பொன்னிறச் சுண்ணம் இடிக்கும் மங்கலப் பாட்டு அது. உலக்கையின் ஏற்றமும் இறக்கமுமே அதன் தாளம். இளையராஜா அம்மங்கலத்தையே இசையாக்கினார். துள்ளும் தாளமும், கூடிப் பாடும் குரல்களும், விழாக் களிப்பும் அங்கே நிறைகின்றன. முதன்முறை கேட்கும் ஈழத்துச் செவி திடுக்கிடும். இறந்தார்க்கு ஓதும் பாட்டை இங்ஙனம் ஆடிப் பாடுவதோ என மனம் குறுகும். சற்றே பொறுத்து நூலை எடுத்துப் படித்தால், பிழை இசையமைப்பாளருடையதன்று என்பதும், மறந்துபோன பொருளொன்றை அவர் மீட்டுத் தந்துள்ளார் என்பதும் விளங்கும். பிரிந்த உயிரும் இறைவன் திருமுழுக்கு விழாவிற்கே செல்கின்றது என்னும் கருத்தாலேயே முன்னோர் இதனை மரணச் சடங்கிற் சேர்த்தனர் போலும். அவ்வாறாயின், இவ்விசை சடங்கிற்கு முரணாவது ஒருபுறமிருக்க, அதன் உட்பொருளை விளக்குவதுமாகும்.

இங்கேதான் ‘கிராமிய இசைக்காரர்’ என்னும் பெயரும் புதுப்பொருள் பெறுகின்றது. மணிவாசகர் தம் நூலில் எடுத்தாண்ட வடிவங்கள் யாவை? அம்மானை, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, பொன்னூசல் முதலாயின. சிற்றூர் மகளிரின் ஆடலும் பாடலும் ஆகியவை. அரசவையில் அமைச்சராயிருந்த பெரும்புலவர், உரற்பாட்டையும் ஊசற்பாட்டையும் இறைவன் சந்நிதிக்கு ஏற்றியருளினார். பண்ணைப்புரத்து வயல்களிற் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவர் அப்பாடல்களின் நாடியை எளிதில் உணர்ந்தமையில் வியப்பில்லை. எனவே, திரையிசையை விட்டு விலகிச் சென்றே இவர் திருவாசகத்தை அடைந்தார் என்பது பொருந்தாது. திரையிசையின் அடியிற் கிடந்த ஊற்றைத் தோண்டிச் சென்று அடைந்தார் என்பதே பொருத்தமுடையது.

இனிக் குறைகளும் ஆராயப்படல் வேண்டும். முதலாவது, சொல்லின் தெளிவு. திருவாசகம் பொருளுணர்ந்து உருகுதற்குரியது. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒருங்கே ஒலிக்கும் மேலைநாட்டு முறை, இசைக்கு ஆழம் தருவதாயினும், சிலவிடங்களிற் சொல்லை மூடிவிடுகின்றது. குறில் நெடிலாகவும், சீர் முடிவு இடைமுறிவாகவும் ஒலிக்கும் இடங்களில் தமிழறிந்தார் உள்ளம் இடர்ப்படும். ஓதுவார் ஒருவர் தாளமின்றி நிறுத்தி ஓதும்போது கிடைக்கும் தெளிவு இங்கே எப்போதும் கிடைப்பதன்று.

இரண்டாவது, ஆங்கில வரிகள். சிவபுராணப் பகுதியில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வருகின்றன. உலகத்தார் அறியும் பொருட்டு இம்முறை கையாளப்பட்டது என்பது வெளிப்படை. 1900 இல் போப்பையர் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்துப் பதிப்பித்தபோது கொண்ட நோக்கமும் இஃதே. ஆயினும் போப்பையரின் நூல் தனியே நிற்பது, மூலத்தினூடே புகுவதன்று. தம்மை நாயினும் கீழாக வைத்துப் பேசும் அடிகளின் தாழ்வுரை, ஆங்கிலத்தில் எவரும் கூறத்தகும் பொதுவான மனித வருத்தமாக நீர்த்துவிடுகின்றது. தமிழறியாதார்க்கு அது வாயிலாகலாம். தமிழறிந்தார்க்கு அது இடையீடே.

மூன்றாவது, தெரிவு பற்றியது. வினாவும் விடையுமாக அமைந்த திருச்சாழல் இவ்வாறனுள் இடம்பெறவில்லை. தில்லையில் ஈழத்துப் புத்த குருவோடு நிகழ்ந்த வாதத்தையும், ஈழத்தரசன் மகளாகிய ஊமைப்பெண் வாய்திறந்து விடையிறுத்ததையும் திருவாதவூரர் புராணம் கூறும். அவ்வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுவது திருச்சாழல். ஒரு குழு வினவ மறுகுழு விடைகூறும் முறைக்கு அதனினும் ஏற்ற பதிகம் பிறிதில்லை. அதனை விடுத்தமை ஈழத்தார்க்கு மட்டுமன்றி இசைக்கும் இழப்பேயாகும்.

இக்குறைகள் உளவேனும், அவை படைப்பின் பெருமையை அழிப்பன அல்ல. இளையராஜா இதனோடு நின்றுவிடவுமில்லை. 2025 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள், ‘வேலியண்ட்’ எனப் பெயரிய நான்கு பகுதிச் சிம்பொனியை இலண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் கச்சேரிக் குழுவினரைக் கொண்டு அரங்கேற்றினார். அப்போது அவருக்கு அகவை 81. 1993 இல் வெளிவராதுபோன கனவு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் கைவிடப்படாதிருந்தது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

கொழும்பு மாநகரில் வாழ்வோர்க்கு இதனையொத்த மற்றொரு வரலாறும் அண்மையிலேயே உண்டு. 1937 இற் பிறந்து 2008 இல் மறைந்த பிரேமசிறி கேமதாச, ‘கொலு ஹதவத்த’, ‘நிதானய’ முதலிய சிங்களத் திரைப்படங்களின் இசையாற் புகழ்பெற்றவர். 1977 இல் யாழ்ப்பாணத்து வாழ்வை வைத்து எழுந்த ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப்படத்திற்கும் இசையமைத்தவர். அவரும் திரையோடு அமையாது, இளம் பாடகரைப் பயிற்றி, ‘மானசவில’, ‘அக்னி’ முதலிய இசை நாடகங்களைப் படைத்தார். இருவர் மொழியும் சமயமும் வேறு. இருவர்க்கும் நேர்ந்த நிலை ஒன்றே. திரைப்பாடலை முணுமுணுப்போர் பலர்; பெரும்படைப்பைப் பொறுமையோடு கேட்போர் சிலர்.

அப்பொறுமையை வளர்க்கும் இடம் கல்லூரியே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பிள்ளைகள் சைவநெறிப் பாடத்திற்காகத் திருவாசகத்தை மனனம் செய்கின்றனர். பரீட்சை முடிந்தபின் மறக்கின்றனர். இல்லத்தில் அவர்கள் கேட்பது திரைப்பாடல். இவ்விரண்டிற்கும் இடையே பாலம் ஒன்று அமையுமாயின் அதனைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. அதே வேளை, இறுவட்டில் ஒலிக்கும் திருவாசகத்தோடு நின்றுவிடுதலும் அறிவுடைமையன்று. பண்ணிசை ஆசிரியரிடம் முறையாக ஓதப் பழகிய மாணவன் இளையராஜாவின் இசையைக் கேட்பின், எது மரபு, எது புதுமை, எவ்விடத்தில் இரண்டும் தழுவுகின்றன, எவ்விடத்திற் பிரிகின்றன எனத் தானே தேர்ந்துகொள்வான். ஓத அறியாதவனுக்கு அத்தேர்ச்சி வாயாது. அவனுக்கு இறுவட்டே திருவாசகமாகிவிடும்.

ஆதலின், இப்படைப்பின் இறுதி மதிப்பு இசையமைப்பாளர் கையில் மட்டும் இல்லை, கேட்போரிடத்தும் உள்ளது. திரையிசையால் அறியப்பட்ட ஒருவர் தம் புகழின் எல்லையைக் கடந்து வந்து, சைவத் தமிழரின் வாயிலில் நின்று, அவர்களுடைய நூலையே அவர்களிடம் புதிதாக நீட்டியுள்ளார். அதனை வாங்கி, தம்மிடமுள்ள பழைய ஏட்டோடு ஒப்புநோக்கிப் பார்த்தல் இனிக் கற்றோரின் கடனாகும்.